இருபத்து மூன்று சென்டிமீட்டர்

தெருவின் ஒரு முனையில் சுவர். மறுமுனையில் இருபத்து மூன்று சென்டிமீட்டர்.

அந்த உயரம் முன்பு கிடையாது. பிரதான சாலையின் நடைபாதையை உயர்த்தி, ஓரம் முழுக்கக் கருங்கல் பதித்து, தெருவாயிலில் மூன்று இரும்புத் தூண்களை நட்டு, ‘நடப்பவர்களின் நகரம்’ என்று பலகை வைத்தபோது வந்தது. அதன் பிறகு வண்டிகள் தெருவுக்குள் வருவதில்லை. அவள் வெளியே போவதும் அவள் கையில் இல்லை.

அவள் பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவள். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் அவசர அழைப்பு எடுக்கும் வேலை. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்துவார். அது அவள் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவள் பேசிக்கொண்டிருப்பாள். கதவை நெம்ப வேண்டாம் என்பாள். தரையில் உட்காரச் சொல்வாள். மூச்சு முட்டுகிறது என்பவர்களிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். பெரும்பாலானவர்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மூச்சை மறந்துவிடுவார்கள். கம்பெனியில் அவளுடைய குரலுக்கு நல்ல பெயர் இருந்தது.

கம்பெனி அறுநூறு மீட்டர் தூரம். அதில் ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டரை அவளே கடப்பாள். மிச்சத்துக்கு அண்ணன் வேண்டும். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, அவளை மல்லாத்தி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பில் கல்லின் மேல் ஏற்றுவான். அண்ணன் பஸ் ஓட்டுபவன். மதிய முறை. அதனால் காலையில் வீட்டில் இருந்தான். மாலையில் திரும்பும்போது பிரச்சினை இல்லை. இறக்கிவிட யாராவது கிடைப்பார்கள். ஏற்றிவிடத்தான் ஆள் கிடைக்காது.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அண்ணனுக்கு விடிகாலை முறை போட்டார்கள். நான்கு நாற்பதுக்கு பஸ்ஸை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளை ஏற்றிவிட்டால், பூட்டிய கம்பெனி வாசலில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். அண்ணிக்கு முதுகுத்தண்டில் ஒரு வட்டு நகர்ந்திருந்தது. தண்ணீர்க் குடத்தையே அண்ணன்தான் எடுத்து வைப்பான்.

அவள் மேலாளரிடம் சொன்னாள். வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்க முடியுமா என்று கேட்டாள். மேலாளர் நல்லவர். யோசித்தார். மணி அந்த மேசையில்தான் அடிக்கும், எட்டரைக்கு அங்கே ஆள் இருந்தே ஆக வேண்டும், முதல் தேதிக்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்பதை அவர் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த நாள்காட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

இருபத்தாறு நாள் இருந்தது.

அந்த வாரம்தான் மாநகராட்சியின் அணுகல் பிரிவு ‘இலகு’ என்ற செயலியை வெளியிட்டது. பஸ்ஸின் முதுகிலெல்லாம் அதன் விளம்பரம். தடையைக் காட்டுங்கள், வழியைக் காட்டுகிறோம்.

“வழி காட்ட ஊர் முழுக்க ஆள் இருக்கு. தூக்கத்தான் இல்ல” என்றாள் அண்ணி.

அவள் செயலியைத் தரவிறக்கினாள். தடையின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பள்ளம், குப்பை, கட்டுமானப் பொருள், சாய்ந்த மரம், விலங்கு. படி இல்லை. நடைபாதையின் கல் நடைபாதையைச் சேர்ந்தது, அது எப்படித் தடையாகும் என்று செயலியைச் செய்தவர்கள் நினைத்திருக்கலாம். அவள் ‘மற்றவை’யைத் தொட்டாள்.

வீட்டில் உட்கார்ந்துகொண்டு புகார் செய்வதைத் தவிர்ப்பதற்காகச் சில விதிகள் இருந்தன. புகார் செய்பவர் தடைக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். படத்தில் அவருடைய முகம் தெரிய வேண்டும். தடையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம்.

மறுநாள் காலை கல்லுக்குக் கீழே ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அண்ணன் இழுத்து ஏற்றினான். மேலே போய் இன்னொன்று எடுத்துக்கொண்டாள். இரண்டையும் அனுப்பினாள். திரையில் ஒரு பூ மலர்ந்தது. பத்துப் புள்ளிகள் கிடைத்தன.

நான்கு நாளில் பதில் வந்தது.

‘உங்கள் புகார் ஆராயப்பட்டது. இரண்டாவது படத்தில் புகார்தாரர் தடைக்கு அப்பால் காணப்படுகிறார். எனவே மேற்படி இடம் கடக்கத்தக்கது. புகார் நிறைவு செய்யப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’

ஒன்று கொடுத்தாள். நட்சத்திரத்துக்கு நன்றி என்றது.

இரண்டாம் முறை கீழே எடுத்த படத்தை மட்டும் அனுப்பினாள். முழுமையற்றது என்று உடனே திரும்பி வந்தது. அண்ணன் இரண்டு பதில்களையும் வாங்கிப் படித்தான். பஸ்ஸில் சில்லறை இல்லாத பயணியைப் பார்ப்பதுபோல் போனைப் பார்த்தான்.

“நீ அந்தப் பக்கம் போகாமலே அந்தப் பக்கத்துல இருந்து எடுத்திருக்கணும்.”

“ஏங்க, அது எப்படிங்க முடியும்?” என்றாள் அண்ணி.

அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தான். “முடியாதுன்னா அப்ப அனுப்பவும் முடியாது. அதுக்குத்தான் வெச்சிருக்காங்க” என்றான்.

மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தது. பதினொரு குடிமக்கள் நேரில் வந்து உறுதி செய்தால் புகார் மறுபடி திறக்கும். அதற்கு வட்ட ஒருங்கிணைப்பாளரை அணுக வேண்டும். அவர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டிராயிங் சார் என்று எல்லோரும் அழைப்பார்கள். செயலி வந்த பத்தே நாளில் ஏழாயிரம் புள்ளிகள் சேர்த்திருந்தார். செயலியின் சின்னம் பொறித்த மேலங்கியை வீட்டிலும் கழற்றுவதில்லை. மருமகள் சமையலறையில் வைத்த முக்காலியைக்கூட ஒரு முறை படம் எடுத்தார் என்று அண்ணி சொன்னாள். அது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு.

டிராயிங் சார் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு பேரை வரிசையாகக் கூட்டி வந்து நிறுத்தினார். எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவளுக்காகத்தான் வந்தார்கள். ஒருவர் குடை கொண்டு வந்து அவளுக்குப் பிடித்தார்.

செயலி ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டது. இந்த இடத்தை நேரில் பார்த்தீர்களா? கடந்தீர்களா? கடக்க எவ்வளவு நேரம் ஆனது? மூன்றாவதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கடந்தால் அதுவே அளந்துகொள்ளும்.

பதினொரு பேரும் கல்மேல் ஏறினார்கள். நிறைமாதமாக இருந்த பெண்ணுக்கு நான்கு விநாடி. ஊன்றுகோல் வைத்திருந்த பெரியவருக்கு ஏழு. அவர் ஏறி முடித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள். புகார்தாரர் தன் புகாருக்குத் தானே சாட்சியாக முடியாது என்பதால் அவளை அளக்கவில்லை.

மதியத்துக்குள் முடிவு வந்தது. சராசரிக் கடப்பு நேரம் 2.6 விநாடி. நகரச் சராசரியைவிடச் சிறப்பு. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியிருந்தது.

டிராயிங் சார் சாக்லேட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். “நம்ம வட்டத்துல முதல் பச்சை இதுதாம்மா” என்றார். அவர் குரலில் கேலி எதுவும் இல்லை.

பதினாறு நாள் இருந்தது.

அண்ணனுக்கு விடுமுறை வந்த நாளில் அவன் செயலியை நம்புவதை நிறுத்தினான். தெருவாயிலில் இரும்புக்கடை வைத்திருந்தவர் அரை மூட்டை சிமெண்டும் கொஞ்சம் மணலும் கொடுத்தார். அண்ணன் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சாய்வாகப் பூசினான். வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தான். அண்ணி பழைய சேலையை நனைத்து மேலே விரித்தாள். யாரும் மிதிக்காமல் இருக்க இரண்டு நாள் இரும்புக்கடைக்காரர் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவள் தனியாகக் கிளம்பினாள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டான். கூட வர வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். சரிவில் ஒன்பது தள்ளு. ஆறாவதில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நின்றாள். ஒன்பதாவதில் மேலே இருந்தாள். நடைபாதையில் நாற்காலியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியை மறிக்கிறீர்களே என்று ஒருவர் முணுமுணுத்தார். அதை அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் திரும்பியபோது சரிவு இல்லை. கருங்கல் கழுவி விட்டதுபோல் இருந்தது.

செயலியில் எல்லா விவரமும் இருந்தது. வகை: கட்டுமானப் பொருள். புகார் வந்த நேரம் காலை 9.20. அகற்றிய நேரம் 12.05. மாநகராட்சி அந்த மாதத்தின் அதிவேகத் தீர்வாக அதை அறிவித்திருந்தது. புகார்தாரர் பெயரையும் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். டிராயிங் சார்.

அவரே வந்தார். மேலங்கியில்லாமல் வந்திருந்தார்.

“அது சரிவுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?” என்று அண்ணன் கேட்டான்.

“தெரியும்ப்பா. நல்லாத் தெரியும். உனக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவன் நான். கோடெல்லாம் எவ்வளவு நேரா இழுத்திருந்த.”

“அப்புறம் ஏன் சார்?”

“அது கேட்டுச்சுப்பா. தெருவுல புதுசா ஏதாவது இருக்கா, ஆமா, இல்லைன்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். அது தெருவின் பகுதியான்னு கேட்டுச்சு. எப்படிப்பா பொய் சொல்றது?”

அண்ணி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

மாநகராட்சிக்கு நேரிலேயே போவது என்று முடிவாயிற்று. அண்ணன் வேறொரு ஓட்டுநரிடம் ஒரு நாள் மட்டும் முறையை மாற்றிக்கொண்டு அவளை அழைத்துப் போனான்.

அணுகல் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் நான்கு படி. படிக்கு இடப்பக்கம் அகலமான சாய்தளம் இருந்தது. இரண்டு பக்கமும் பளபளக்கும் கைப்பிடி. பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள். நடுவில் சற்று நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம். அவள் தன் வாழ்நாளில் அப்படியொரு சாய்தளத்தைப் பார்த்ததில்லை. அதன் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஓர் அட்டை. ‘மாதிரிச் சாய்தளம். ஏறக் கூடாது.’

காவலாளியிடம் அண்ணன் கேட்டான். வெளியூர்களிலிருந்து குழுக்கள் பார்க்க வருகிறார்கள், சக்கரத் தடம் விழுந்துவிடும் என்று காவலாளி விளக்கினார். உள்ளே போய்ச் சொல்லி துணை இயக்குநரை வெளியே அழைத்து வருவதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

துணை இயக்குநர் படியிறங்கி வந்தார். நின்றுகொண்டு பேச மறுத்தார். சக்கர நாற்காலியில் இருப்பவரோடு சம உயரத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பது பிரிவின் கொள்கை. நாற்காலி கொண்டு வரச் சொன்னார். முதலில் வந்தது உயரமாக இருந்தது. இரண்டாவது தாழ்வாக இருந்தது. சரியானது கிடைக்க இருபது நிமிடம் ஆனது. வெயில் ஏறியது. அதுவரை அவர் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உயரத்திலிருந்து பார்ப்பது மரியாதையில்லை என்பதால்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தேதியையும் சொன்னாள். அவர் இடையில் பேசவே இல்லை. நல்ல கேட்பவர்.

“ரொம்ப முக்கியமான அனுபவம்மா உங்களோடது” என்றார். “முன்னாடியெல்லாம் மக்கள் கேப்பாங்க, நாங்க செய்யணும். செய்யலைன்னா திட்டுவாங்க. அது பழைய முறை. இப்ப மக்களே பாக்கறாங்க. மக்களே படம் எடுக்கறாங்க. மக்களே சரிபாத்து, மக்களே முடிச்சு வெக்கிறாங்க. நாங்க குறுக்க வரதே இல்ல. போன மாசம் மட்டும் நாலாயிரம் தடை முடிஞ்சிருக்கு. எங்க பிரிவுலேர்ந்து ஒரு ஆள் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல.”

“அந்தக் கல்லை யார் சார் எடுப்பாங்க?”

“அது பொறியியல் பிரிவும்மா. அவங்க செயலியில இல்ல.”

அண்ணன் பொறியியல் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டான். பின்பக்கக் கட்டடம்தான், ஆனால் போய்ப் பயனில்லை என்றார் துணை இயக்குநர். பச்சைப் புள்ளி உள்ள இடத்தில் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். சரியாக இருப்பதை உடைத்ததாகத் தணிக்கையில் வரும்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்களில் உண்மையான வெளிச்சம் வந்தது. அதிகாரிகள் எல்லோரும் அவளுடைய இடத்துக்கே வந்து, அவளைப் போலவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கல்லை அனுபவித்துப் பார்த்தால் என்ன? அனுபவம் இல்லாமல் கொள்கை வகுக்கக் கூடாது என்றார். தேதியையும் குறித்தார். முதல் தேதிக்கு நான்கு நாள் முன்பு.

அண்ணி அதைக் கேட்டதும், “நல்லது. வந்து பாத்துட்டா ஒரு முடிவு தெரிஞ்சிரும்” என்றாள். அவள் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஏழு அதிகாரிகள் வந்தார்கள். ஏழு புதிய சக்கர நாற்காலிகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தெருவுக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் நான்கு துப்புரவுப் பணியாளர்கள். விசில் ஊதியதும் நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து, அதிகாரியைத் தூக்கிக் கல்லுக்கு மேலே வைத்தார்கள். ஒருவர்கூடச் சிணுங்கவில்லை. துணை இயக்குநர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு பேரும் மேலே போனதும் படம் எடுத்தார்கள். பணியாளர்கள் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் கல்லுக்குக் கீழே இருந்தாள். அவளுக்கென்று நான்கு பேரை ஒதுக்கவில்லை. அவளுக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே இருந்தது.

ஏழு பேரில் மூத்தவரான இயக்குநர் மேலே இருந்தபடியே, நாற்காலியிலிருந்து எழாமல், ஒலிபெருக்கியில் பேசினார்.

“இன்று நான் ஒரு மணி நேரம் நடக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பல ஆண்டுகளின் பாடத்தைக் கற்றுத் தந்தது. இந்தக் கல்லைப் பற்றி நிறையப் புகார்கள் கேட்டேன். ஆனால் நான் இதைக் கடந்தபோது எனக்கு ஒரு சிறு அதிர்வுகூடத் தெரியவில்லை. ஏன்? என்னைச் சுற்றி நான்கு சகோதரர்கள் இருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது. கல் யாரையும் தடுப்பதில்லை. நாம் ஒருவருக்கொருவர் கை கொடுக்காததுதான் தடுக்கிறது. கல்லை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கை கொடுக்கும் பண்பு எங்கிருந்து வரும்?”

நீண்ட நேரம் கை தட்டினார்கள். பணியாளர்களும் தட்டினார்கள்.

அவளிடமும் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். முதல் தேதிக்குள் ஒரு சரிவு வேண்டும் என்று அவள் சொன்னாள். பழகிய குரலில், நிதானமாக, இரண்டு முறை சொன்னாள். நிகழ்ச்சிக் குறிப்பில் ‘பயனாளி நன்றி தெரிவித்தார்’ என்று பதிந்தார்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாநகராட்சி வரலாற்றில் இவ்வளவு வேகத்தை யாரும் பார்த்ததில்லை, சிமெண்டை அகற்றிய நாளைத் தவிர. மாதத்தின் கடைசி நாள் செயலியில் ‘கைகொடு’ என்ற புதிய பொத்தான் வந்துவிட்டது. அதை அழுத்தினால் அருகிலிருக்கும் குடிமக்களின் போனில் மணி அடிக்கும். விருப்பமுள்ளவர்கள் ‘வருகிறேன்’ என்பதைத் தொட வேண்டும். தூக்குபவர்கள் நான்கு பேர் இருந்தே ஆக வேண்டும். நாற்பது நிமிடப் பயிற்சிக் காணொளியைப் பார்த்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் தூக்குவது பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடை செய்யப்பட்டது. மீறினால் அபராதம். குடும்பத்தினருக்கு மட்டும் விலக்கு.

முதல் தேதி காலை ஏழே முக்காலுக்குக் கல்லுக்குக் கீழே வந்து அவள் பொத்தானை அழுத்தினாள். அண்ணன் அப்போது நகரத்தின் மறுகோடியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரும்புக்கடைக்காரர் வந்தார். டிராயிங் சார் வந்தார். எதிர்ச்சாலை வங்கியின் காவலாளி வந்தார். நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். எட்டு பத்துக்கு இரும்புக்கடைக்காரர் பொறுமையிழந்து நாற்காலியின் பிடியைத் தொட்டார். காவலாளி அவர் கையை எடுத்துவிட்டார்.

“வேணாங்க. நாலு பேர் இல்லாமத் தூக்கினா அபராதம். எனக்கு வேலை போயிரும்.”

எட்டு இருபதுக்கு அவள் போன் அடித்தது. அருகில் ஒருவருக்கு உதவி தேவை, வருகிறீர்களா என்று கேட்டது. இடத்தைப் பார்த்தாள். அவள் இருந்த இடம்தான். புகார் அனுப்பிய எல்லோரையும்போலச் செயலி அவளையும் தானாகவே தன்னார்வலர் பட்டியலில் சேர்த்திருந்தது.

“அழுத்திரும்மா” என்றார் டிராயிங் சார்.

அவள் ‘வருகிறேன்’ என்பதைத் தொட்டாள். குழு நிறைவடைந்தது என்றது. நான்காமவர் தன் மூலையைப் பிடித்திருப்பதை உறுதி செய்யச் சொன்னது. அவள் தன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூவரும் தூக்கினார்கள். அவளுடைய மூலை தாழ்ந்தது. முன்சக்கரம் கல்லில் இடித்து, முழங்கால் பிடியில் மோதி, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தாள். எட்டு ஐம்பதுக்குக் கம்பெனியில் இருந்தாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாம் நாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். வங்கிக் காவலாளியின் முறை மாறியிருந்தது. அவளையும் சேர்த்து மூன்று. சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய உடம்புக்காரர் தானாகவே நின்று, என்னம்மா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தவர், பாதியில் நிமிர்ந்தார்.

“இது ஆப் விஷயமா?” என்றார்.

அவர் பதிவு செய்திருக்கவில்லை. நாற்பது நிமிடம் காணொளி பார்க்க அவருக்கு நேரமில்லை. மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அவள் பத்து மணிக்கு வீடு திரும்பினாள்.

மூன்றாம் நாள் இரும்புக்கடைக்காரர் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். டிராயிங் சாருக்குக் காய்ச்சல். அவள் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வருபவர்: 1’ என்று வந்தது. சற்றுக் கழித்து இரண்டு. பிறகு மூன்று. யார் யார் என்று செயலி காட்டாது. தனியுரிமை. அவளும் ‘வருகிறேன்’ என்பதை அழுத்தினாள். நான்கு. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நடந்து வருபவர்களில் யாராவது வேகத்தைக் குறைத்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. திரையில் மூன்று பேரும் வந்துகொண்டேயிருந்தார்கள். அண்ணி குடையோடு வந்து பின்னால் நின்றாள்.

பதினொன்றரைக்கு மேலாளர் அழைத்தார்.

“இன்னும் அங்கதான் இருக்கீங்களாம்மா?”

“இங்கதான் சார் இருக்கேன். மூணு பேர் கிளம்பிட்டாங்க.”



“நேத்து ஒரு அம்மா நாப்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டாங்கம்மா. ஆறாவது மாடி. மணி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. எடுக்க ஆளில்ல.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா மயக்கமாத்தான் வெளிய எடுத்தாங்க.”

“அவங்க தனியா இருந்தாங்களா சார்?”

“தனியாத்தாம்மா.”

மேலாளர் புதிய ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். சம்பளத்தை அந்த மாதம் முழுசாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். உங்கள் குரல் மாதிரி வராது என்றும் சொன்னார். அண்ணி குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள். முதுகு வலிக்கும் என்று அவள் தடுத்ததைக் கேட்கவில்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே போனாள்.

ஆண்டு இறுதியில் அணுகல் பிரிவு அறிக்கை வெளியிட்டது. பங்கேற்பு மும்மடங்கு. மொத்தம் இரண்டு லட்சம் ‘வருகிறேன்’கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. அறிக்கையின் அட்டையில் ஏழு நாற்காலிகள் கல்லுக்கு மேலே வரிசையாக நின்றன. வெளியூர்களிலிருந்து இப்போது அந்தக் கல்லையும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவள் செயலியை நீக்கவில்லை. அண்ணி கேட்டபோது, போனில் வேறு யாரும் கூப்பிடுவதில்லையே என்றாள். வாரத்துக்கு நாலைந்து முறை மணி அடிக்கும். அருகில் ஒருவருக்கு உதவி தேவை, வருகிறீர்களா என்று கேட்கும். அவள் ‘இயலாது’ என்பதைத் தொடுவாள். ஒவ்வோர் ‘இயலாது’க்கும் ஐந்து புள்ளி குறையும்.

ஒரு நாள் மாலை மணி அடித்தது. பின்தெரு மருந்துக்கடை வாசல். ஒருவர் காத்திருக்கிறார். தேவை: 4. வருபவர்: 0.

அண்ணி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ‘இயலாது’க்கு விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆனது. வருபவர்: 0. பத்து நிமிடம் ஆனது. அங்கே யாரோ ஒருவர் கையில் இதே திரை இருக்கும். இதே பூஜ்யம் இருக்கும். மாலை நேரம். கடைக்காரர் விளக்கைப் போட்டிருப்பார்.

அவள் ‘வருகிறேன்’ என்பதைத் தொட்டாள்.

“என்ன சத்தம்?” என்றாள் அண்ணி. “எங்க கூப்பிடறாங்க?”

“மருந்துக்கடைக்கு.”

“நீ எப்படிப் போவ?”

“போகல அண்ணி.”

அண்ணி மாவுக் கையோடு வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். வருபவர்: 1 என்று இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டானது. கொஞ்ச நேரம் கழித்து மூன்றானது. நகரத்தில் இந்த நேரத்தில் இன்னும் இரண்டு பேர், எந்த வீட்டிலோ, எந்தக் கல்லுக்குக் கீழேயோ இருந்துகொண்டு இதை அழுத்தியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. தனக்காக அன்று காலை அழுத்திய மூன்று பேரும் யார் என்பதும் இப்போது தெரிந்தது.

திரையில் நான்கு வந்தது.

‘குழு நிறைவடைந்தது’ என்றது செயலி.